டிஃப்ளெக்‌ஷனுக்கு அப்புறம் கண்டிஷனிங் போடலாமா? ஒரு வெற்றிப் புள்ளி பற்றிய சந்தேகம்

கடற்கரைவாசி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். படிப்புக்காக பார்சிலோனா வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. இங்கே ஒரு சின்னக் கூட்டம் சனிக்கிழமை மாலையில் கூடி ‘வேம்பயர்: தி எடர்னல் ஸ்ட்ரகிள்’ என்கிற சீட்டு விளையாட்டை ஆடும். நான் போக ஆரம்பித்து ஏழு மாதம்தான். போன வாரம் நடந்த ஒன்று மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. தமிழில் இதைக் கேட்க வேறு இடம் தெரியவில்லை.

விளையாட்டு தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. ஆடுபவர்கள் எல்லோரும் பழங்காலக் காட்டேரிகள், மெதூசலா என்று பெயர். ஆளுக்கு 30 கையிருப்போடு தொடங்குவோம். இடப்பக்கம் இருப்பவர் நம் இரை, வலப்பக்கம் இருப்பவர் நம்மை வேட்டையாடுபவர். இரையின் கையிருப்பு தீர்ந்தால் அவர் வெளியே. நமக்கு ஒரு வெற்றிப் புள்ளியும் 6 கையிருப்பும் வரும். ‘பிளீட்’ என்பது அந்தக் கையிருப்பை உறிஞ்சுகிற தாக்குதல்.

அன்றைக்கு ஐந்து பேர். என் இடப்பக்கம் ஒரு பெரியவர். எனக்கு இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்தவரே அவர்தான். முதல் இரண்டு மாதமும் அவருடைய சீட்டுக்கட்டைத்தான் இரவல் வாங்கி ஆடினேன். அவரிடம் 5 கையிருப்புதான் மிச்சம், ஒரே ஒரு வேம்பயர் சீட்டு, அதுவும் லாக் ஆகி (ஏற்கெனவே பயன்படுத்தித் திருப்பி வைத்து) கிடந்தது. என்னிடம் 9.

வலப்பக்கத்துக்காரர் ‘கவர்ன் தி அன்அலைன்ட்’ போட்டு என்னை பிளீட் செய்தார். வேம்பயருக்கு 1, சீட்டுக்கு 2, ஆக 3. என்னிடம் லாக் ஆகாத வேம்பயர் ஒன்று இருந்தது. ஆனால் அதன்மேல் இருந்த ரத்தம் ரொம்பக் குறைவு. பிளாக் செய்து, அதாவது தாக்குதலைத் தடுத்து, சண்டைக்குப் போனால் டார்ப்பர் என்கிற செயலற்ற நிலைக்குப் போய்விடுமோ என்று பயந்து, “பிளாக் இல்லை” என்றேன். அவர் எதுவும் பேசாமல் கையில் இருந்த சீட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ‘டிஃப்ளெக்‌ஷன்’ போட்டு பிளீட்டைப் பெரியவர் பக்கம் திருப்பிவிட்டேன். உடனே வலப்பக்கத்துக்காரர் பிளீட்டைக் கூட்டும் ‘கண்டிஷனிங்’ சீட்டை வைத்து, “ஆறு” என்றார்.

பெரியவர், “இருங்க இருங்க” என்று சொல்லி ஒரு சீட்டைப் பாதி வெளியே இழுத்தார். எதிரே இருந்த இருவரும், பிளாக் செய்யும் கட்டம் எப்போதோ முடிந்துவிட்டது என்றார்கள். அவர் அந்தச் சீட்டைத் திரும்ப உள்ளே செருகிக்கொண்டார். கையிருப்புக்கு நாங்கள் சிவப்புக் கண்ணாடி மணிகள் வைத்திருக்கிறோம். தன் முன்னால் இருந்த ஐந்து மணிகளையும் ஒற்றை விரலால் நடுவே தள்ளிவிட்டு எழுந்தார்.

அப்புறம் இன்னொரு தகராறு. புள்ளியும் 6 கையிருப்பும் எனக்குத்தான் என்று நான் எடுத்தேன். வலப்பக்கத்துக்காரருக்குக் கோபம். “பிளீட் செய்தது நான், சீட்டு இரண்டு செலவழித்தது நான், புள்ளி உனக்கா?” என்றார். அதோடு டிஃப்ளெக்‌ஷனுக்கு அப்புறம் கண்டிஷனிங் போட்டதே செல்லாது என்று எதிரே இருந்தவர்களில் ஒருவர் ஆரம்பித்தார். இருபது நிமிடம் ஸ்பானிய மொழியில் வாதம் நடந்தது. எனக்குப் பாதிதான் புரிந்தது. பெரியவர் அதற்குள் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

கண்டிஷனிங் அந்த இடத்தில் செல்லுமா? பெரியவருக்கு பிளாக் செய்ய உரிமை இருந்ததா? புள்ளி யாருக்கு? நான் எடுத்தது தப்பான புள்ளி என்றால் அடுத்த சனிக்கிழமை நேராகப் போய்ச் சொல்லிவிட வேண்டும். அதற்காகத்தான் கேட்கிறேன்.

---

பழையகட்டு எழுதியது:

தம்பி, நன்றாக விவரித்திருக்கிறீர்கள். யார் எப்போது என்ன செய்தார் என்பதை வரிசையாகச் சொன்னாலே இந்த ஆட்டத்தில் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

நான் இதை ஆட ஆரம்பித்தபோது பெட்டியின்மேல் ‘ஜிஹாத்’ என்றுதான் பெயர் இருந்தது. 1994இல் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் வெளியிட்டது, ரிச்சர்ட் கார்ஃபீல்ட் வடிவமைத்தது. அடுத்த வருடமே பெயரை மாற்றிவிட்டார்கள். நீங்கள் சொன்ன கவர்ன், கண்டிஷனிங், டிஃப்ளெக்‌ஷன் மூன்றும் அந்த முதல் தொகுப்பிலேயே உண்டு. அன்றிலிருந்து இந்த மூன்று சீட்டும் சந்திக்கிற இடத்தில் எத்தனை மேசைகளில் சண்டை பார்த்திருக்கிறேன் என்று கணக்கே இல்லை.

முதலில் கண்டிஷனிங். செல்லும். விதி இதுதான்: பிளீட் போன்ற ஒரு ஆக்‌ஷன் நடக்கும்போது சீட்டு போட முதல் வாய்ப்பு எப்போதும் ஆக்‌ஷன் செய்பவருக்கு. அவர் வேண்டாம் என்று விட்டால்தான் அடுத்தவருக்கு. ஆனால் யாராவது ஒருவர் ஒரு சீட்டைப் போட்டுவிட்டால் வாய்ப்பு மறுபடி ஆக்‌ஷன் செய்பவரிடமே திரும்பிப் போகும். எல்லோரும் வரிசையாக விட்டுக்கொடுத்தால் மட்டுமே அந்த ஆக்‌ஷன் முடிவுக்கு வரும். உங்கள் வலப்பக்கத்துக்காரர் பேசாமல் இருந்தது ஒரு தடவை விட்டுக்கொடுத்ததாகவே இருக்கட்டும். நீங்கள் டிஃப்ளெக்‌ஷன் போட்டதும் அவருக்குப் புது வாய்ப்பு வந்துவிட்டது. பிளீட்டைக் கூட்டும் மாடிஃபையரை (நடக்கும் செயலை மாற்ற இடையில் போடும் சீட்டை) முடிவுக்கு முன்னால் எப்போது வேண்டுமானாலும் போடலாம்.

கவர்னும் கண்டிஷனிங்கும் சேர்ந்து 6 ஆவது சரியா என்று யாராவது கேட்டால், அதுவும் சரி. கண்டிஷனிங் ‘லிமிடெட்’ வகை. அதாவது ஒரு ஆக்‌ஷனில் பிளீட்டைக் கூட்டும் மாடிஃபையர் ஒன்றுதான். கவர்ன் மாடிஃபையரே இல்லை, அது ஆக்‌ஷன் சீட்டு. டாமினேட் என்கிற சக்தி உயர்நிலையில் இருக்கிற வேம்பயர் என்றால் கண்டிஷனிங்குக்கு 3 கூடும்.

அவர் ஏன் காத்திருந்தார் என்பதை இங்கே கவனியுங்கள். முதலிலேயே 6 என்று காட்டியிருந்தால் நீங்கள் யோசிக்காமல் திருப்பிவிடுவீர்கள். 3 என்று மட்டும் காட்டினால், 9இல் 3 போனால் போகட்டும், டிஃப்ளெக்‌ஷனை வைத்துக்கொள்வோம் என்று நீங்கள் நினைக்கலாம். நீங்களும் விட்டுக்கொடுத்திருந்தால் அது 3ஆகவே முடிந்திருக்கும். மணியில் நீங்கள் கை வைத்த பிறகு அவர் கண்டிஷனிங்கை நீட்ட முடியாது. அந்த மௌனத்தில் அவருக்கும் பணயம் இருந்தது. எனக்கு இந்த ஆட்டம் இன்றைக்கும் அலுக்காமல் இருப்பதே இந்த இடத்துக்காகத்தான்.

புள்ளி உங்களுக்குத்தான், இதில் சந்தேகமே வேண்டாம். வெளியேறியவரை வேட்டையாடுபவர் யாரோ அவருக்கே 6 கையிருப்பும் புள்ளியும். யார் அடித்தார், எந்தச் சீட்டு அடித்தது என்பதெல்லாம் கணக்கில் வராது. பிளீட் வெற்றி பெற்றதால் ‘எட்ஜ்’ என்கிற அடையாளம் மட்டும் உங்கள் வலப்பக்கத்துக்காரருக்குப் போயிருக்க வேண்டும். கொடுத்தீர்களா? பெரியவரைத் தாண்டி அடுத்தவரிடம் திருப்பி, அவர் வெளியேறியிருந்தால் அந்தப் புள்ளி பெரியவருக்குப் போயிருக்கும்.

ஆனால் நீங்கள் நடுவில் கேட்ட கேள்விதான் எனக்கு வருத்தம் தருகிறது. அந்தப் பெரியவருக்கு பிளாக் செய்ய முழு உரிமை இருந்தது. பிளீட் என்பது ஒருவரைக் குறிவைத்து நடக்கும் ஆக்‌ஷன். குறிவைக்கப்பட்டவர்தான் அதை பிளாக் செய்ய முடியும். குறி மாறினால் புதிய ஆளுக்கு பிளாக் வாய்ப்பு புதிதாகத் திறக்கும். “பிளாக் இல்லை” என்று சொன்னது நீங்கள், அவர் அல்ல. மேசை அவர் வாயை அடைத்தது தப்பு.

---

கோவைச்சீட்டு எழுதியது:

நான் கோவை. வேம்பயர் ஆடியதில்லை, ‘மேஜிக்: தி கேதரிங்’ தான் எட்டு வருடமாக ஆடுகிறேன். அதுவும் கார்ஃபீல்ட் வடிவமைத்ததுதானே. பழையகட்டு அண்ணனிடம் ஒரு கேள்வி. மேஜிக்கில் ஸ்டாக் உண்டு. நான் ஒன்று போட்டால், அதற்குப் பதிலாக நீங்கள் ஒன்று போட்டால், கடைசியில் போட்டது முதலில் நடக்கும். அந்தக் கணக்கில் டிஃப்ளெக்‌ஷனுக்குப் பதிலாக கண்டிஷனிங் போட்டால் கண்டிஷனிங் முதலில் நடந்து, 6 ஆகி, அதன் பிறகுதானே திரும்பும்? எப்படி இருந்தாலும் பெரியவருக்கு 6 தான். ஆனால் இடையில் பிளாக் எங்கே வரும் என்று எனக்குப் பிடிபடவில்லை.

---

பழையகட்டு எழுதியது:

தம்பி, நல்ல இடத்தில் கேட்டீர்கள். மேஜிக்கிலிருந்து வருகிற நிறையப் பேர் இங்கேதான் தடுக்குகிறார்கள். வேம்பயரில் ஸ்டாக் கிடையாது. போட்ட சீட்டு போட்ட மாத்திரத்தில் நடந்துவிடும். அதை ரத்து செய்ய வேண்டும் என்றால், போடும் அந்த நொடியிலேயே ரத்து செய்வதற்கென்று உள்ள சீட்டு வேண்டும். ‘டைரக்ட் இன்டர்வென்ஷன்’ அந்த மாதிரி. அது யாரும் போடவில்லை என்றால் சீட்டு நடந்து முடிந்தது, அவ்வளவுதான்.

ஆகவே டிஃப்ளெக்‌ஷன் மேசையில் விழுந்ததுமே பிளீட் பெரியவரை நோக்கித் திரும்பிவிட்டது. கண்டிஷனிங் வரும்போது அது ஏற்கெனவே பெரியவரைக் குறிவைக்கும் பிளீட். அதற்கு முன்போ பின்போ பெரியவர் பிளாக் முயற்சி அறிவிக்கலாம். வலப்பக்கத்துக்காரருக்கு என்னுடைய யோசனை, அவர் அவசரப்பட்டிருக்கக் கூடாது. பெரியவர் பிளாக் செய்கிறாரா இல்லையா என்று தெரிந்த பிறகு கண்டிஷனிங் வைத்திருக்கலாம். பிளாக் விழுந்துவிட்டால் அந்தச் சீட்டு வீண்தானே.

---

மாடித்தோட்டம் எழுதியது:

கடற்கரைவாசி சகோ, நானும் கொஞ்சம் சேர்க்கிறேன். நான் லியோனில் இருக்கிறேன். சின்னப் போட்டிகள் சிலவற்றில் நடுவராக இருந்திருக்கிறேன். பழையகட்டு சார் சொன்ன எல்லாமே சரி. நான் எழுத வந்தது, இப்படி ஒரு குழப்பம் வந்தால் மேசையில் என்ன செய்வது என்பதைப் பற்றி.

நடுவராக என்னைக் கூப்பிட்டால் சீட்டைக்கூட முதலில் பார்க்க மாட்டேன். “இப்போது வாய்ப்பு யார் கையில்?” என்று கேட்பேன். பத்தில் எட்டுத் தடவை அந்தக் கேள்விக்கு மேசையில் நான்கு பேரும் நான்கு பதில் சொல்வார்கள். தகராறின் வேர் அங்கேதான் இருக்கும். உங்கள் மேசையிலும் அதுதான். மௌனம் ஒரு பதில் இல்லை. “விடுகிறேன்” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், எந்த மொழியிலும் சரி. நான் நடுவராக இருக்கும் மேசையில் இதை முதல் முறையிலேயே சொல்லிவிடுவேன்.

அதற்கப்புறம்தான் சீட்டின் வாசகம். விதிப் புத்தகமும் சீட்டும் முரண்பட்டால் சீட்டு சொல்வதே செல்லும். ஆனால் எந்தச் சீட்டு? உங்கள் கட்டில் பழைய அச்சு ஏதாவது கலந்திருந்தால் அதில் ‘டேப்’ என்று இருக்கும், புதியதில் ‘லாக்’ என்று இருக்கும். வாசகமும் பல சீட்டுகளுக்கு இடையில் மாறியிருக்கிறது. ஒரே பெயரில் எத்தனை அச்சு இருந்தாலும் கடைசியாக வந்த வாசகம்தான் எல்லாவற்றுக்கும். கையில் இருக்கும் அட்டையை மட்டும் படித்துவிட்டு, “இதோ பார், இதில் இப்படித்தான் போட்டிருக்கிறது” என்று வாதாடக் கூடாது. அங்கே ஸ்பானிய மொழிச் சீட்டுகளும் புழங்கும். சந்தேகம் வந்தால் ஆங்கில வாசகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வி.டி.பி. என்கிற இணையத் தரவுத்தளத்தில் சீட்டின் பெயரைத் தட்டினால் தற்போதைய வாசகமும், அதற்கு இதுவரை வந்த தீர்ப்புகளும் ஒன்றாகக் கிடைக்கும். நான் போட்டிக்குப் போகும்போது அதைத் திறந்து வைத்துக்கொண்டுதான் உட்காருவேன். அதிலும் தெளியவில்லை என்றால் வி.ஈ.கே.என். என்கிற ஆட்டக்காரர் அமைப்பின் மன்றத்தில் கேட்கலாம், விதிப் பொறுப்பாளர் பதில் தருகிற இடம் அது.

பிளாக் பற்றி ஒன்று. பிளீட்டுக்கு இயல்பாக ஸ்டெல்த் (தடுப்பவரிடம் சிக்காமல் நழுவும் அளவு) கிடையாது, பூஜ்யம். பெரியவரின் வேம்பயர் லாக் ஆகியிருந்தது என்கிறீர்கள். அப்படியானால் அவர் இழுத்த சீட்டு ‘வேக் வித் ஈவினிங்ஸ் ஃப்ரெஷ்னெஸ்’ மாதிரி எழுப்புகிற ரியாக்‌ஷனாக இருக்கலாம். லாக் ஆன வேம்பயரை அந்த ஆக்‌ஷனுக்கு மட்டும் லாக் ஆகாதது போல நடக்க வைக்கும். பூஜ்ய ஸ்டெல்த்துக்கு பூஜ்ய இன்டர்செப்ட் (நழுவுவதைப் பிடிக்கும் அளவு) போதும். வலப்பக்கத்துக்காரர் ஸ்டெல்த் சீட்டு எதையும் போடவில்லை என்றால் அந்த பிளீட் அங்கேயே நின்றிருக்கும். பெரியவர் ஆட்டத்தில் இருந்திருப்பார்.

அல்லது அவர் கையில் இன்னொரு டிஃப்ளெக்‌ஷனே இருந்திருக்கலாம். அதையும் எழுப்பிவிட்டுத்தான் போட வேண்டும், ஆனால் போட்டிருந்தால் உங்களிடமே அந்த 6 திரும்பி வந்திருக்க முடியும். ஆக்‌ஷன் செய்தவரிடம் மட்டும்தான் திருப்பக் கூடாது, மற்ற யாரிடமும் திருப்பலாம். நீங்கள் உங்கள் அதே வேம்பயரை வைத்து மறுபடி டிஃப்ளெக்‌ஷன் போட முடியாது. ஒரே ரியாக்‌ஷன் சீட்டை ஒரே வேம்பயர் ஒரு ஆக்‌ஷனில் ஒருமுறைதான். 9இல் 6 போய் 3 மிச்சம் இருந்திருக்கும் உங்களுக்கு.

ஆட்டத்தைப் பின்னோக்கி ஓட்டுவது பற்றிக் கேட்டால், நான் ரொம்பத் தயங்குவேன். தப்பு நடந்த அடுத்த நொடியில் யாராவது கவனித்தால் திருத்தலாம். புதுச் சீட்டு எடுத்து, இரண்டு பேர் முறை போய்விட்டால் திருத்துவது இன்னொரு அநியாயத்தில் முடியும். நட்பு ஆட்டத்தில் விதி உடனே கிடைக்கவில்லை என்றால் ஐந்து நிமிடத்துக்கு மேல் இழுக்காமல், எல்லோரும் ஒத்துக்கொள்கிற ஒன்றை அன்றைக்கு மட்டும் வைத்துக்கொண்டு ஆடுங்கள். அதை ஒரு தாளில் குறித்து, வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். ஆனால் ஒருவரை மேசையை விட்டே அனுப்புகிற விஷயம் என்றால், அந்த ஐந்து நிமிடத்தைக் கட்டாயம் செலவழித்துப் புத்தகத்தைத் திறங்கள். “இருங்க” என்று ஒருவர் சொன்னால் இருக்க வேண்டும். அதற்கு விதி எண் எதுவும் தேவையில்லை.

---

கோவைச்சீட்டு எழுதியது:

இப்போது புரிந்தது. குறி மாறினால் பிளாக்கும் மாறும். நன்றி அண்ணே, நன்றி அக்கா. நம் ஊரில் யாராவது இதை ஆடினால் சொல்லுங்கள், வந்து பார்க்கிறேன்.

---

கடற்கரைவாசி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. எட்ஜை அன்றைக்கு நாங்கள் யாரும் நினைக்கவே இல்லை, பழையகட்டு அண்ணா. கொடுக்கவில்லை.

பெரியவருக்கு நேற்று இரவு எழுதினேன். நீங்கள் சொன்ன வரிசையை அப்படியே ஆங்கிலத்தில் எழுதி, பிளாக் செய்ய உங்களுக்கு உரிமை இருந்தது, நாங்கள் கேட்கவில்லை, அந்தப் புள்ளியை நான் எடுத்திருக்கக் கூடாது, மன்னியுங்கள் என்று அனுப்பினேன். காலையில் பதில் வந்தது. ஒரு புகைப்படம், கீழே இரண்டு வரி. புகைப்படத்தில் அவருடைய சாப்பாட்டு மேசைமேல் ஒற்றைச் சீட்டு. மாடித்தோட்டம் அக்கா சொன்ன அதே ‘வேக்’. ஓரமெல்லாம் வெளுத்துப்போன பழைய அச்சு. “விதி எனக்கும் தெரியும். ஆனால் மூன்று பேர் ஒரே நேரத்தில் பேசினால் எனக்கே சந்தேகம் வந்துவிடுகிறது” என்று எழுதியிருந்தார்.

அதைப் படித்ததும் எனக்கு ரொம்பக் கஷ்டமாகிவிட்டது. மூன்றாவது ஆள் நான்தான் என்று நினைக்கிறேன். அன்றைக்கு நான் வாய் திறந்து எதுவும் சொல்லவில்லை என்றுதான் இவ்வளவு நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். யோசித்துப் பார்த்தால், எதிரே இருந்தவர்கள் பேசும்போது நானும் தலையை ஆட்டினேன், “ஆமாம், முடிந்துவிட்டது” என்றும் சொன்னேன். புள்ளி எனக்கு வரப்போகிறது என்று தெரிந்துதான் சொன்னேனா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அதையும் அவரிடம் எழுதிவிட்டேன்.

வலப்பக்கத்துக்காரரிடமும் கேட்டேன். கையில் ஸ்டெல்த் ஒன்றுமே இல்லை, கண்டிஷனிங்கூட கவர்ன் போட்டதும் பதிலுக்கு எடுத்த சீட்டுதான் என்றார். அப்படியானால் பிளாக் நின்றிருக்கும். கண்டிஷனிங்கை அவ்வளவு வேகமாக வைத்தது பெரியவரை யோசிக்க விடாமல் செய்துவிட்டது என்று அவராகவே சொன்னார். புள்ளி தகராறையும் விட்டுவிட்டார்.

இந்த சனிக்கிழமை அதே ஐந்து பேர், அதே சீட்டுக்கட்டுகள், அதே இருக்கை வரிசை என்று முடிவாகியிருக்கிறது. பெரியவர்தான் கேட்டார். விதிப் புத்தகத்தில் முறை வரிசை இருக்கிற பக்கத்தையும், குறிவைக்கும் ஆக்‌ஷன் பற்றிய பக்கத்தையும் அச்செடுத்து வைத்திருக்கிறேன். அவருக்குக் கண்ணாடி இல்லாமலே படிக்கிற மாதிரி பெரிய எழுத்தில்.